கோரிமேடு மைதானமும் ஆஸ்பத்திரியும்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில், ஊரின் எல்லையை அடுத்திருப்பது கோரிமேடு. அங்கே காவல்துறையின் மைதானமும் ஜிப்மர் ஆஸ்பத்திரியும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருக்கின்றன. மைதானம் பலசாலிகளுக்கு உரியது, ஆஸ்பத்திரி பலஹீனர்களுக்கு உரியது என்று ஜனங்கள் சாதாரணமாக நினைக்கிறார்கள். மூட்டு, தசை ஆகியவற்றைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் சரியன்று. மைதானத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன் ஐம்பது வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வைத்தியரை நாடுகிறான். முறை தெரியாமல் மைதானத்தில் இறங்கியவன் இருபது வயதிலேயே நாடுகிறான். அடிபட்டபின் செய்ய வேண்டியதைச் செய்யாமல், செய்யத் தகாததைச் செய்தவன் இவ்விருவரையும்விடப் பரிதாபமான நிலையில் வந்து சேருகிறான். இம்மூவரைக் குறித்தும் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். அரசியல் பேசும் பத்திரிகைக்கு இவ்விஷயம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

தேகபலம் என்பது நம் நாட்டில் ஆதிமுதல் ராஜீய விஷயமாகவே இருந்து வந்திருக்கிறது. 1857-ஆம் வருஷத்துப் பெருங்கிளர்ச்சிக்குப் பின்னர் ஆங்கில சர்க்கார், சைன்யத்துக்கு ஆள் சேர்ப்பதில் போர்க்குலத்தார், அல்லாதார் என்று ஒரு பாகுபாட்டைக் கற்பித்தனர். 1881 முதல் 1885 வரையில் சென்னைச் சைன்யத்துக்குத் தலைமை வகித்துப் பின்னர் இந்தியா முழுவதற்கும் சேனாதிபதியான லார்ட் ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் யுத்தத்துக்கு லாயக்கற்றவன் என்னும் கொள்கையை வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர். ஒரு ஜனசமூகத்தைக் கோழைகள் என்று சொல்லி அடக்கியாள்வது எளிது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தேசீயவாதிகள் இந்த அவதூறுக்கு வாயினால் மட்டும் பதில் சொல்லவில்லை. 1910 முதல் சுமார் பத்து ஆண்டுகள் இதே புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த வ. வே. சு. ஐயர், சட்டமும் இலக்கியமும் கற்ற மேதாவியாக இருந்தும், தம்மை நாடி வந்த இளைஞர்களுக்குத் தேகப்பயிற்சியை ஓயாமல் வற்புறுத்தினார். அறிவாளி பலஹீனனாக இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதப்படவில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே அத்தாட்சி.

1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அன்று தொட்டு நம்மைக் கோழைகள் என்று சொல்ல அந்நியன் எவனும் இங்கே இல்லை. ஆனால் நம் தேகநிலை எப்படி இருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டீகர் ஆகிய நான்கு இடங்களில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2014-ல் வெளியான விசாரணையில், நூற்றுக்கு 54 பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று தெரிய வந்தது. கிராமத்தாரைவிட நகரத்தாரின் நிலை மோசம். உலக முழுவதையும் பற்றி 2024-ல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியும், 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப்பேர் போதுமான அளவு உடலை அசைப்பதில்லை என்றே கூறுகிறது. அந்நியன் பொய்யாகச் சொன்னதை நாமே மெய்யாக்கி வருகிறோம் என்று வருந்துவதற்கு இடம் இருக்கிறது.

மற்றப் பாதிப்பேரின் கதை வேறு. அவர்கள் உழைக்கிறார்கள், உழைத்துத் தேய்கிறார்கள். 1936-ஆம் வருஷம் ஜூலை 30-ந் தேதி புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு சர்க்கார் துப்பாக்கிப் பிரயோகம் செய்து பன்னிருவர் உயிரைக் குடித்ததை இவ்வூரார் மறக்கமாட்டார்கள். அடுத்த ஆண்டில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அப்போராட்டத்தைக் கூலிப் போராட்டம் என்று மட்டும் சொல்வது போதாது. தசைக்கு வேலை எவ்வளவு அவசியமோ, வேலைக்குப்பின் ஓய்வும் அவ்வளவு அவசியம். உழைப்பினால் உண்டாகும் நுண்ணிய சேதங்களை உடல் சரிசெய்துகொள்வதும், முன்னிலும் உறுதி பெறுவதும் ஓய்வுக் காலத்தில்தான். அந்த ஓய்வைப் பறிப்பவன் தொழிலாளியின் உடலிலிருந்தே ஒரு பங்கைப் பறித்துக்கொள்கிறான். ஆகவே, சோம்பேறிக்குப் பயிற்சியும் உழைப்பாளிக்கு ஓய்வும் கேட்பது ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கங்களாம்.

இனி, மூட்டின் இயல்பைச் சற்று ஆராய்வோம். எலும்பும் எலும்பும் சந்திக்குமிடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இதற்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டினுள் ஊறும் பசை போன்ற திரவமே இதற்கு ஆகாரம். கடற்பஞ்சைப் பிழிந்து விட்டால் அது நீரை உறிஞ்சுவதுபோல, மூட்டை மடக்கி நீட்டும்போது குருத்தெலும்பு அந்த ஆகாரத்தை ஏற்றுக்கொள்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. 'உபயோகித்தால் தேய்ந்துபோகும்' என்று முழங்காலைப் பத்திரப்படுத்தி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேய்மானத்தைப் பெருக்குவன முக்கியமாகப் பழைய காயங்களும் மிதமிஞ்சிய பாரமுமே. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மீது விழும் பளு சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தசையோ முப்பது வயதுக்குமேல் பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்குவரை தானாகவே குறைந்துகொண்டு வரும். பயிற்சி ஒன்றே இக்குறைவைத் தடுக்கும். தொடையின் தசை உறுதியாயிருந்தால் முழங்காலின் சுமையை அது பெரிதும் பங்கிட்டுக்கொள்ளும்.

எவ்வளவு பயிற்சி வேண்டும்? உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வகுத்த விதிப்படி, வயதுவந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரை வேகநடை போன்ற மிதமான உழைப்பும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. முதியவர்கள், கீழே விழாமலிருக்கும் பொருட்டு, உடலின் சமநிலையைப் பழக்கும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாள் செய்ய வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம்; யந்திரமும் வேண்டாம். கடற்கரைச் சாலையில் அரைமணி நேரம் விரைந்து நடப்பதும், வீட்டில் தண்டாலும் பஸ்கியும் தம்மால் இயன்ற அளவு எடுப்பதும் போதும். தண்டால் எடுக்க இயலாதவர் சுவரில் கையூன்றிச் செய்யலாம். பஸ்கி எடுக்க இயலாத பெரியவர் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரலாம். வீட்டிலுள்ள பெண்மக்களுக்கும் இவ்விதி அப்படியே பொருந்தும். சமையலறையில் நாளெல்லாம் நிற்பதைத் தேகப்பயிற்சி என்று சொல்லி அவர்களுடைய பங்கை நாம் அபகரித்துக்கொள்ளலாகாது.

பயிற்சியின் பெருமையைச் சொல்லிவிட்டு அதன் அபாயத்தை மறைப்பது நியாயமாகாது. கோரிமேட்டுக் காவல்துறை மைதானத்தில் காவலர் வேலைக்கான உடற்தகுதித் தேர்வுகள் நடைபெற்றிருக்கின்றன. ஓட்டமும் தாண்டுதலும் அத்தேர்வின் அங்கங்கள். ஏழை வீட்டு இளைஞன் ஒருவனுக்கு அந்தச் சில நிமிஷங்களில் அவன் குடும்பத்தின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. ஆகையால் அறிவிப்பு வெளிவந்த மறுநாளே, பல வருஷங்களாக ஓடாதவன், காலையும் மாலையும் வெறிகொண்டவன்போல் ஓடத் தொடங்குகிறான். அவன் ஊக்கத்தைப் பாராட்டுகிறோம். ஆனால் முறையைப் பாராட்டுவதற்கில்லை. மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் நாணும், எலும்பும் அவ்வளவு சீக்கிரத்தில் பழகா. மூச்சு இடம் கொடுக்கிறது என்று எண்ணி ஓடுகிறவனுடைய எலும்பு இடம் கொடுப்பதில்லை.

இது புதிய சங்கதியன்று. 1855-ஆம் வருஷத்திலேயே பிரஷ்ய சைன்யத்து வைத்தியரான பிரைத்தௌப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை விவரித்து எழுதினார். 1895-ல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே, அது எலும்பில் உண்டாகும் நுண்ணிய முறிவு என்பது விளங்கிற்று. ஒரே அடியில் முறியாத எலும்பு, ஓய்வின்றி விழும் பல்லாயிரம் சிற்றடிகளால் கீறல் விடுகிறது. உலகத்தில் புதிதாகப் படையில் சேரும் வாலிபர்களிடையே இந்நோய் இன்றும் சகஜம். கீழ்க்காலின் முன்னெலும்பிலோ பாதத்திலோ ஒரு குறிப்பிட்ட இடத்தை விரலால் அழுத்தினால் சுரீரென்று வலிப்பதும், ஓட ஓட வலி அதிகரிப்பதும், பின்னர் ஓய்விலும் வலிப்பதும் இதன் அறிகுறிகள். வலியை மாத்திரையால் அடக்கிக்கொண்டு ஓடுகிறவன் கீறலை முழு முறிவாக்கிக்கொள்கிறான். வேலையும் போயிற்று, காலும் போயிற்று என்ற நிலை அவனுக்கு வாய்க்கிறது.

ஆகையால் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுவே. அறிவிப்பை எதிர்பார்த்து உடலைப் பழக்காதீர்கள். உடலைப் பழக்கி வைத்துக்கொண்டு அறிவிப்பை எதிர்பாருங்கள். முதலில் நடை, பிறகு நடையும் ஓட்டமும் கலந்து, அதன் பிறகே முழு ஓட்டம் என்று வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஓடுமுன் சில நிமிஷங்கள் மெதுவாக நடந்தும் துள்ளியும் உடலைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது கால்களுக்கு விடுமுறை அளியுங்கள். வயிறாரச் சாப்பிடுங்கள், நன்றாக உறங்குங்கள். தேர்வு நடத்தும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை: அறிவிப்புக்கும் தேர்வுக்கும் இடையே போதிய அவகாசம் விடுவதும், அறிவிப்போடு கூடவே படிப்படியான பயிற்சி அட்டவணை ஒன்றை வெளியிடுவதும் செலவில்லாத காரியங்கள்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் அடிபடுவது உண்டு. கபடி ஆட்டத்தில் முழங்கால் முறுக்கிக்கொள்கிறது; படியில் கணுக்கால் சுளுக்கிக்கொள்கிறது. உடனே நம் வீடுகளில் நடப்பதென்ன? ஒருவர் எண்ணெயைக் கொண்டுவந்து அழுத்தித் தேய்க்கிறார். மற்றொருவர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார். மூன்றாமவர் 'நாலு அடி நடந்தால் சரியாகிவிடும்' என்று எழுப்பி நடத்துகிறார். அன்பு மிகுதியால் செய்யும் இம்மூன்றும் முதல் இரண்டு மூன்று நாட்களில் தீங்கானவை. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது தேய்ப்பதும் சூடு வைப்பதும் கசிவையும் வீக்கத்தையும் அதிகமாக்கும். அடிபட்ட அங்கத்துக்கு வேலை கொடாமல், துணிச்சுருளால் இதமாகச் சுற்றி, தலையணைமேல் உயர்த்தி வைப்பதே முதற்காரியம். வலி தணிய, துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிஷங்கள் வைக்கலாம். தோலின்மேல் நேராக வைக்கலாகாது.

எக்ஸ் கதிர்ப் படம் அவசியமா என்று அறிய வைத்தியர்கள் கையாளும் எளிய விதி ஒன்று உண்டு. 1992-ல் கனடா தேசத்து ஒட்டாவா நகரில் வகுக்கப்பட்ட அவ்விதியின் சாரம் யாதெனில், கணுக்காலில் அடிபட்டவன் நான்கு அடி எடுத்துவைக்க முடியாமற்போனாலும், கணுக்காலின் இருபுறத்து எலும்பு முனைகளில் அழுத்தினால் வலித்தாலும், படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதே. அங்கம் கோணிப்போயிருந்தாலும், விரல்கள் மரத்துப்போனாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. சாதாரணச் சுளுக்குக்கு மாதக்கணக்கில் கட்டிலைவிட்டு இறங்காமலிருப்பது அது. ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தல் என்னும் நான்கையும் 1978-ல் ஒரு சூத்திரமாகக் கூறிப் பிரசித்திப்படுத்திய அமெரிக்க வைத்தியர் கேப் மிர்கின், பனிக்கட்டியும் பூரண ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-ல் தாமே திருத்தி எழுதினார். முதல் சில நாள் கழிந்தபின், வலி பொறுக்கும் அளவுக்கு மூட்டை மெல்ல அசைக்கத் தொடங்குவதே இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட முறை.

இங்கே நாம் ஒரு கசப்பான விஷயத்தைப் பேச வேண்டியிருக்கிறது. எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியைத் தாண்டிக்கொண்டு நாட்டுக் கட்டு வைத்தியரிடம் செல்லும் வழக்கம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. திருப்பதிக்கு அருகிலுள்ள புத்தூரின் பெயரால் 'புத்தூர்க் கட்டு' என்று சொன்னால் தமிழ்நாடெங்கும் தெரியும். பரம்பரையாகக் கைப்பழக்கம் பெற்றவர்களை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. விலகாத சாதாரண முறிவு அவர்கள் கட்டிலும் கூடிவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் படம் எடுத்துப் பாராமல், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும்போது நேரும் விபரீதம் ஒன்று உண்டு. முறிந்த இடம் வீங்குகிறது, கட்டோ இளகுவதில்லை, உள்ளே ரத்த ஓட்டம் தடைப்படுகிறது. சுமார் ஆறு மணி நேரத்துக்குமேல் ரத்தம் ஓடாத தசை மீண்டும் உயிர் பெறுவது அரிது. கட்டிய பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவதும், விரல்களை நீட்டினால் தாங்கமுடியாத வேதனை உண்டாவதும், விரல்கள் மரத்துப்போவதும், வெளுப்பதும், நீலம் பாய்வதும் அபாயக் குறிகள். 'கட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது, பொறுத்துக்கொள்' என்று சொல்லும் வீட்டார் தம் பிள்ளையின் கையையோ காலையோ பலி கொடுக்கிறார்கள். இறுகிய கட்டினால் அழுகிய அங்கத்தை வெட்டி எடுக்க நேர்ந்த சம்பவங்கள் இந்திய மருத்துவச் சஞ்சிகைகளில் பதிவாகியிருக்கின்றன.

'ஸ்வதேச வைத்தியத்தை இழித்துரைக்கிறீர்கள்' என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். அவர்களுக்கு நம் பதில் இது. இறுகிய கட்டினால் தசை செத்து அங்கம் சுருங்குவதை 1881-ல் விவரித்தவர் ஜெர்மானிய சர்ஜன் ஃபோல்க்மான். அவர் குற்றம் சாட்டியது ஐரோப்பாவில் போடப்பட்ட கட்டுகளையே. ரத்த ஓட்டத்துக்கு ஜாதியும் தேசமும் கிடையா. எவர் கட்டினாலும் இறுகிய கட்டு இறுகிய கட்டே. மேலும், கோரிமேட்டு ஆஸ்பத்திரி யாருடையது? 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழித்தோன்றலாக, 1956-ல் தன்வந்திரியின் பெயரால் கல்லூரியாகி, 1964-ல் ஜவஹர்லால் நேருவின் பெயரைப் பெற்று, 2008-ல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசீய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாக உயர்ந்த அது நம் வரிப்பணத்தால் நடைபெறுவது. நம் பிள்ளைகள் படிப்பது. அங்கேயே யோக சிகிச்சைக்கும் ஒரு பகுதி 2008-ல் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. அதைவிட ஸ்வதேசி வேறு எது?

ஆயினும் ஏழை ஏன் கட்டு வைத்தியரிடம் போகிறான் என்பதையும் யோசிக்க வேண்டும். கத்தி வைத்துவிடுவார்களோ என்ற பயம் ஒன்று. பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கூலி போய்விடுகிறது என்பது மற்றொன்று. அவனை மூடன் என்று ஏசுவதால் பயனில்லை. கட்டு வைத்தியர்களை அழைத்து, மேலே சொன்ன அபாயக் குறிகளையும், எந்த முறிவைத் தாங்கள் தொடாமல் உடனே அனுப்பிவிட வேண்டும் என்பதையும் சர்க்கார் சுகாதார இலாகா கற்றுக்கொடுக்கலாம். தடை உத்தரவு போடுவதைவிட இதனால் அதிக அங்கங்கள் பிழைக்கும்.

எலும்பு கூடிவிட்டால் சிகிச்சை முடிந்தது என்று எண்ணுவதும் பிழை. மாவுக்கட்டுக்குள் இருந்த தசை மெலிந்திருக்கும், மூட்டு விறைத்திருக்கும். அவற்றை மீட்கும் வேலை அப்போதுதான் ஆரம்பம். இவ்வூரில் நடந்த ஓர் உதாரணம் சொல்லுவோம். 1938-ஆம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி இரவு முடிந்து 24 பிறக்கும் வேளையில், ஸ்ரீ அரவிந்தர் தம் அறையில் இடறி விழுந்து வலது தொடையெலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு வயது 66. வைத்தியர்கள் காலை அசையாமல் நிறுத்திச் சிகிச்சை செய்தார்கள். பின்னர் முழங்காலை மெல்ல மடக்கவும், ஊன்றி நிற்கவும், நடக்கவும் மாதக்கணக்கில் படிப்படியாகப் பழக்கினார்கள். யோகத்தில் சிறந்தவரென்று உலகம் போற்றிய அம்மகானும் அந்தப் படிகளில் ஒன்றையும் தாண்டிக் குதிக்கவில்லை. 1949-ல் ஆசிரமத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய உடற்கல்விச் சஞ்சிகையில் சரீரத்தின் பூரணத்துவத்தைப் பற்றி எழுதியவரும் அவரே. அவருக்குக் கிடைத்த பணிவிடை எல்லோருக்கும் கிடைக்காதெனினும், பயிற்சி சிகிச்சை எல்லோருக்கும் கிடைக்கச் செய்யலாம். கோரிமேட்டிலுள்ள அன்னை தெரசா மருத்துவ அறிவியல் நிலையத்தில் இக்கலை போதிக்கப்படுகிறது. அங்கே தேர்ச்சி பெறும் இளைஞர்களை ஆரம்ப சுகாதார நிலையங்கள்தோறும் நியமித்தால், பாகூர் விவசாயியும் வீராம்பட்டினம் மீனவரும் கோரிமேடுவரை வந்து கூலியை இழக்க வேண்டியதில்லை.

கடைசியாக, நமது வாசகர்களில் பெரும்பாலோரான அரசியல் தொண்டர்களுக்கு ஒரு விண்ணப்பம். இரவெல்லாம் கூட்டம், பகலெல்லாம் மோட்டார் சைக்கிள், இடையிடையே தேநீரும் வடையும் என்று காலங்கழிக்கும் தொண்டனுக்கு நாற்பது வயதிலேயே இடுப்பு பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை. ஜனங்களுக்காக உழைக்க விரும்புகிறவன் உழைக்கத் தக்க உடலை வைத்துக்கொள்ள வேண்டாமா? உங்கள் வட்டாரத்து மைதானம் காலையும் மாலையும் ஜனங்களுக்குத் திறந்திருக்கிறதா, பள்ளிக்கூடத்தில் தேகப்பயிற்சி நேரத்தைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாரா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி சிகிச்சையாளர் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் கேளுங்கள், கொடுக்கும்வரை கேளுங்கள். சாலைக்கும் குடிநீருக்கும் மனுக் கொடுக்கும் நாம், எழுபது வயதிலும் பிறர் கையை எதிர்பாராமல் எழுந்து நடக்கும் உரிமைக்காக இதுவரையில் ஒரு மனுவும் கொடுத்ததில்லை. அடுத்த சட்டசபைக் கூட்டத்துக்கு முன்னால் அந்த மனு தயாராகட்டும். அதை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நடந்தே போகட்டும்.